சுவரைப் பார்த்து உட்கார்ந்த டீச்சர்

மோகனப்ரியா மறுபடியும் டியூஷன் போர்டு மாட்டிவிட்டாளாம். சனிக்கிழமை என் தம்பி பாலாஜி போனில் சொன்னான். அவன் கோயம்புத்தூரில் இருக்கிறான், கண்ணால் பார்த்தவன் இல்லை. கம்பெனி பஸ் ஓட்டும் திம்மராயன் அவனிடம் சொன்னதாம். திம்மராயன்தான் பார்த்தாரா, அல்லது பஸ்ஸில் பின் சீட்டில் யாரோ பேசிக்கொண்டு வந்ததைக் காதில் வாங்கினாரா என்பது பாலாஜிக்குத் தெரியவில்லை.

"போர்டுல என்னா எழுதியிருக்குதாம்?" என்று கேட்டேன்.

"அதையெல்லாம் நான் கேக்கலக்கா. அஞ்சாவதுல இருந்து பத்தாவது வரைக்கும்னு இருக்கும். டியூஷன் போர்டுல வேற என்னாத்த எழுதுவாங்க?"

"வேலைய உட்டுட்டாளா?"

"இன்னும் உடல. லிஸ்ட்டுல பேரு இருக்குதுன்னு பேச்சு. நாப்பத்தோரு பேராம். திங்கக்கெழம காலைல ஒன்பது மணிக்கு ஆபீஸ்ல கையெழுத்து வாங்குறாங்களாம். தானா வெலகிக்கிறேன்னு எழுதிக் குடுக்கணுமாம்."

இது 2009 மார்ச். லாரி விற்பனை படுத்துவிட்டதால் லாரிக்கு உதிரிப் பாகம் செய்கிற கம்பெனிகள் எல்லாம் ஆட்களைக் குறைக்கின்றன. நான் இருக்கும் தாய்லாந்து சோன்புரி தொழிற்சாலையிலும் டிசம்பரிலிருந்து வாரத்துக்கு நான்கு நாள்தான் வேலை. மோகனப்ரியா வேலை பார்க்கும் ஓசூர் கம்பெனியும் இதுவும் ஒரே குழுமம். அங்கே தும்மினால் இங்கே மூக்கைத் துடைத்துக்கொள்கிறோம். வெள்ளிக்கிழமை மேலாளரின் அறைக் கதவு திறந்தாலே என்னைத்தான் கூப்பிடப்போகிறார் என்று நினைப்பேன். எப்போதும் கெட்டதை முதலில் நினைத்துக்கொள்கிற புத்தி எனக்கு. ஆனால் சனிக்கிழமை பாலாஜி போனை வைத்த பிறகு வந்த பயம் என்னைப் பற்றியதாக இல்லை. மோகனப்ரியாவின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதென்றால் அதில் என் பங்கு என்ன என்று எனக்குத் தெரியும்.

ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் ஒரே ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் எட்டு வீடுகள் வரிசையாக இருந்தன. எங்களுடையது ஐந்தாவது, அவளுடையது ஆறாவது. வீட்டுக்கு வீடு இருந்த குறுக்குச் சுவர் கூரை வரைக்கும் போகாது. இரண்டடி இடைவெளி விட்டு நின்றுவிடும். ஆறாம் வீட்டில் கடுகு வெடித்தால் எங்கள் வீட்டில் இருமல் வரும். 2000 தொடக்கத்தில் நாங்கள் அங்கே குடிவந்தோம். அதுவரை பாகலூருக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தோம். என் அப்பா கோவிந்தப்பன் அங்கே அடுத்தவர் தோட்டத்தில் கூலி. நான் ஐந்தாம் வகுப்பு வரை கன்னடப் பள்ளியில் படித்து, ஆறாம் வகுப்பிலிருந்து தமிழுக்கு மாறியவள். இப்போதும் அவசரத்தில் எண்ணினால் ஒந்து, எரடு என்றுதான் வாயில் வரும்.

அப்பாவுக்குக் கம்பெனி ஒன்றில் லோடிங் வேலை, நிரந்தரமாக மூன்றாவது ஷிப்ட். காலையில் அங்கிருந்து நேராக மார்க்கெட்டுக்குப் போய் காய்கறி மூட்டை இறக்குவார். மதியம் வந்து படுத்தால் இரவு எட்டு மணிக்குத்தான் எழுவார். அப்பா மட்டுமில்லை. எட்டு வீட்டிலும் ஷிப்டுக்குப் போகிறவர்கள். எந்த நேரத்தில் பார்த்தாலும் அந்த வரிசையில் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

மோகனப்ரியாவின் டியூஷனுக்குப் பிள்ளைகள் வந்ததற்கே அதுதான் காரணம். படிப்பு வரட்டும் என்று அனுப்பிய தாய்மார்கள் கொஞ்சம் பேர். வீட்டில் சத்தம் இல்லாமல் இருக்கட்டும், மனுஷன் தூங்கட்டும் என்று அனுப்பியவர்கள்தான் அதிகம். அவள் வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கும். அதில் ஒவ்வொரு பிள்ளையின் அப்பாவுக்கும் இந்த வாரம் எந்த ஷிப்ட் என்று பென்சிலால் குறித்திருப்பாள். அதைப் பார்த்துத்தான் எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்வாள்.

அவளுக்கு அப்போது இருபது வயது, என் வயதுதான். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அவள் அப்பா பரமசிவம் ஒரு லேத் பட்டறையில் இருந்தார். கல்லூரியில் கணிதம் படித்தாள், இரண்டாம் ஆண்டோடு நின்றுபோனது. நான் கிருஷ்ணகிரிப் பக்கம் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் புரியாத கணக்கை அவளிடம் கொண்டுபோனால் பாடப் புத்தகத்தைத் தள்ளிவைத்துவிட்டு, "எந்த வரி வரைக்கும் ஒனக்குப் பயமில்லாம இருக்கு?" என்று கேட்பாள். அந்த வரியிலிருந்து ஆரம்பிப்பாள்.

நாங்கள் குடிவந்த முதல் வாரமே என் அம்மா செல்லி ஆறாம் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"ஏம்மா மோகனா, வாய்ப்பாட்ட இப்பிடிக் கத்த உட்டா எப்பிடி? எங்கூட்டுக்காரரு தூக்கத்துல பதினேழாம் வாய்ப்பாடு ஒளறிக்கினு கெடக்கறாரு."

"அப்ப அவுகளையும் டியூஷன்ல சேத்துருங்கத்த. ஃபீஸ் வேணாம்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் வந்த காரியத்தை விடவில்லை. "நீ சிரிக்க வைக்காத. ராத்திரி மூட்டை தூக்குற மனுசன். தூக்கக் கலக்கத்துல கால் எடறுச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

மறுநாள் மாலை நான் கல்லூரியிலிருந்து வந்தபோது ஆறாம் வீட்டில் சத்தமே இல்லை. டியூஷன் நின்றுவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். பதினாலு பிள்ளைகளும் இருந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. அவள் கையால் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

கூட்டலுக்கு இரண்டு முஷ்டியைச் சேர்ப்பாள். கழித்தலுக்கு ஒரு கையால் மற்றதைத் துடைப்பாள். கடன் வாங்கிக் கழிப்பதற்குப் பக்கத்துப் பிள்ளையின் பையிலிருந்து பென்சிலை எடுத்துத் தன் காதில் செருகிக்கொள்வாள். மீதிக்குச் சிலேட்டு. தமிழ்ப் பள்ளிப் பிள்ளை, தெலுங்குப் பள்ளிப் பிள்ளை, கன்னடப் பள்ளிப் பிள்ளை மூன்றும் அந்த அறையில் இருந்தன. வாய் மூடியதில் அந்தத் தொல்லையும் ஒழிந்தது. மாதக் கணக்கில் நடந்தது இது. சுவருக்கு இந்தப் பக்கம் அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருக்க, நான் சத்தமில்லாத அந்த வகுப்பைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சிலேட்டுக் குச்சி உராய்கிற சத்தம், நடுவில் யாராவது அடக்கிச் சிரிக்கிற சத்தம். இந்த ஊரில் ஏசி ஓடுகிற அமைதியில் உட்கார்ந்திருக்கும்போது சில நேரம் அதுதான் ஞாபகம் வருகிறது.

அதில் ஒரு சிக்கல் வந்தது. எண்ணை விரலால் காட்டுவாள். இடது கையில் இரண்டு விரல், வலது கையில் நாலு விரல் என்றால் இருபத்து நாலு. பிள்ளைகள் நாற்பத்து இரண்டு என்று எழுதினார்கள். இரண்டு நாள் அவர்களைக் குட்டினாள். மூன்றாம் நாள் என் தம்பி பாலாஜி எழுந்து நின்று கிசுகிசுத்தான்.

"மிஸ், நீங்கதான் நாப்பத்திரெண்டு காட்டுனீங்க."

"வாயப் பாரு. முன்னால வந்து நீ காட்டு."

அவன் முன்னால் போய் இருபத்து நாலைக் காட்டினான். அவள் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தாள். அவளுக்கும் அது நாற்பத்து இரண்டாகத்தான் தெரிந்தது. எதிரே நிற்கிறவனின் இடது கை தனக்கு வலது பக்கம் இருக்கிறது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு குட்டு வாங்கிய பிள்ளைகளிடம் தலையை நீட்டினாள். ஆளுக்கு ஒரு குட்டு. பாலாஜி மட்டும் இரண்டு வைத்தான்.

அன்றிலிருந்து அவள் எதிரே உட்காரவில்லை. முதல் வரிசையில் பிள்ளைகளுக்கு நடுவே, அவர்களைப் போலவே சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவாள். அவள் அம்மா பார்வதி அடுப்படியிலிருந்து பார்த்துவிட்டு, "பாடம் நடத்துற லச்சணத்தப் பாரு, முதுகக் காட்டிக்கிட்டு" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

இன்னொன்றும் அவளிடம் உண்டு. "புரிஞ்சுதா?" என்று ஒருநாளும் கேட்க மாட்டாள். ஏன் என்று குழாயடியில் கேட்டேன். "தலையாட்டுறத வச்சு என்னத்தக் கண்டுபிடிக்க? மாடுகூடத்தான் ஆட்டுது" என்றாள். ஒரு பிள்ளை கற்றதைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கையால் காட்ட வேண்டும், அது அடுத்ததற்கு. எந்த இடத்தில் கோணுகிறது என்று அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். "தெரிஞ்சவன் கையப் பாப்பான் அனு, தெரியாதவன் பக்கத்தாளு மூஞ்சியப் பாப்பான்" என்பாள்.

2002இல் படிப்பு முடிந்து நான் சிப்காட் தொழிற்பேட்டையில், இப்போது ஆளைக் குறைக்கிற அந்தக் கம்பெனியில் பயிற்சி இன்ஜினியராகச் சேர்ந்தேன். மறு வருடம் பரமசிவத்தின் லேத் பட்டறையை மூடிவிட்டார்கள். டியூஷனை நம்பி நாலு பேர் சாப்பிட முடியாது. ஆள் எடுக்கும் ஒப்பந்தக்காரர் பெரியதம்பியிடம் போய் மோகனப்ரியா நின்றாள். அன்று சாயந்திரம் அதை நடித்தே காட்டினாள்.

"முன் அனுபவம் இருக்காம்மான்னாரு. அஞ்சு வருசம் டியூஷன் எடுத்திருக்கேங்கய்யான்னேன். அது வீட்ல இருக்குறதும்மா, அனுபவத்தச் சொல்லுன்னாரு. நான் முழிச்சேன். அனுபவம் இல்லைன்னு எழுதி ஒரு கோடும் போட்டுட்டாரு."

"நீ ஒண்ணும் சொல்லலியா?"

"கோடு நேரா இருந்துச்சு, விட்டுட்டேன்."

ஒப்பந்தத் தொழிலாளியாக, பொருள் சரிபார்க்கும் மேசையில் அவளைப் போட்டார்கள். நான் மேற்பார்க்கிற மேசை அது. முதல் நாள் கேட்டுக்குள் நுழைந்ததும் அவள் என்னை "மேடம்" என்றாள். கேலி என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கேட்டுக்கு வெளியே அனு, உள்ளே மேடம். ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை.

எங்கள் மேசையில் அப்போது தீராத தலைவலி ஒன்று இருந்தது. லாரியின் முன் விளக்கைத் தாங்குகிற தகடு, இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. இரண்டு உள்ளங்கைகள் மாதிரி பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். கழுவி வரும்போது கலந்து வரும். மேசையில் பிரித்து இடதை நீலப் பெட்டியிலும் வலதை மஞ்சள் பெட்டியிலும் போட வேண்டும். லாரி கம்பெனியில் நீலப் பெட்டியைத் திறந்தால் நூற்றுக்கு இருபது வலது இருந்தது. இரண்டு முறை புகார் வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் ஆர்டரே போகும் என்றார்கள். என் பயிற்சிக் காலம் முடிய இரண்டு மாதம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்க இருந்த முதல் ஆள் நான். நிரந்தரம் ஆகாவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து யோசித்தே எனக்குச் சோறு இறங்காமல் இருந்தது.

மேசையின் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பெண்கள் நிற்பார்கள். பக்கத்திலேயே பிரஸ் இயந்திரங்கள் இடித்துக்கொண்டிருக்கும். காதில் பஞ்சு அடைத்திருப்பதால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. நான் மேசைக்கு ஒரு பக்கம் நின்று தகட்டைத் தூக்கிப் பிடித்து, பள்ளம் இந்தப் பக்கம் இருந்தால் நீலப் பெட்டி என்று தொண்டை கிழியக் கத்துவேன். தமிழில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை. புரிஞ்சுதா, அர்த்த ஆய்த்தா என்று கேட்பேன். நாலு பேரும் தலையாட்டுவார்கள். ஜவளகிரியிலிருந்து வருகிற நாகம்மா மட்டும் கொஞ்சம் அதிகமாகவே ஆட்டுவாள்.

மோகனப்ரியா வந்த மூன்றாம் நாள் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மேடம், தப்பா நெனைக்காதீக. நீங்க நாகம்மாவுக்கு நாப்பத்திரெண்டு காட்டுறீக."

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அவள் தட்டிலிருந்த இரண்டு அப்பளத் துண்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள். "ஒங்க பக்கம் நிக்கிற ரெண்டு பேரும் சரியாப் போடுதாக. எதுத்தாப்புல நிக்கிற ரெண்டு பேரும் நீங்க காட்டுனதத் திருப்பிப் புடிச்சுருக்காக. அவுக மேல தப்பில்ல. கண்ணு பாத்ததக் கை செய்யுது. அதுலயும் இம்புட்டு நாள் இடம் மாறி மாறி நின்னதுல யாருக்கு எதுன்னே தெரியல."

மூன்று ஆண்டு ஒரே சுவரின் இந்தப் பக்கம் இருந்து அந்த வகுப்பைப் பார்த்தவள் நான். எனக்கு அது தோன்றவே இல்லை.

மறுநாள் மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டோம். நாலு பேரும் ஒரே பக்கம், சுவரைப் பார்த்து. மோகனப்ரியா அவர்கள் வரிசையிலேயே நின்றாள். வாயே திறக்கவில்லை. நாகம்மாவின் கட்டை விரலைப் பிடித்துத் தகட்டின் பள்ளத்தில் வைத்தாள். விரல் சுவர்ப் பக்கம் போனால் நீலம், வயிற்றுப் பக்கம் வந்தால் மஞ்சள். நாகம்மா அடுத்தவளின் விரலைப் பிடித்து வைத்தாள், அவள் அதற்கு அடுத்தவளின் விரலை. கடைசி ஆள் வரைக்கும் போன பிறகு மோகனப்ரியா என் விரலையும் பிடித்து வைத்தாள். எனக்கும் ஒரு பரீட்சை. சரியாகப் போட்டேன்.

மூன்றாவது புகார் வரவில்லை. இரண்டு மாதத்தில் ஒரு தகடுகூட மாறிப் போகவில்லை.

லாரி கம்பெனிக்கு நாலு பக்க அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், என்ன மாற்றம் செய்தீர்கள், கடைசியில் முறையை வகுத்தவர் பெயர். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு எங்கள் பிரிவு மேலாளர் பிரதாப்பிடம் கொண்டுபோனேன்.

"மோகனப்ரியான்னு ஒரு ஒப்பந்தத் தொழிலாளி சார், அவங்க யோசனைதான்" என்றேன்.

"காண்ட்ராக்ட் ஆளுங்க பேரெல்லாம் கஸ்டமர் பேப்பர்ல வரக் கூடாதுங்க. உங்க பேரப் போடுங்க. உங்களுக்கும் கன்ஃபர்மேஷன் வருதில்ல."

நான் போட்டேன். நிரந்தரமும் ஆனேன். அறிக்கையில் என் பெயர் போனதை அன்று சாயந்திரம் ஆறாம் வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"டியூஷன் படிச்ச பய பாஸானா மார்க் ஷீட்டுல டியூஷன் டீச்சர் பேரா போடுவாக?" என்றாள். "விடு. நீ பாஸாயிட்டீல்ல."

பாராட்டா, குத்தலா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

அதன் பிறகு புது ஆட்கள் யார் வந்தாலும் முதல் வாரம் மோகனப்ரியாவிடம்தான் அனுப்பினார்கள். யாரும் உத்தரவு போடவில்லை, பழக்கமாகிவிட்டது. விருதுநகர்க்காரர், தளிக்காரர், ஆந்திரா எல்லைக்காரர் யாராக இருந்தாலும் சரி. ஒரு வாரம் கழித்து அந்த ஆள் எந்த இயந்திரத்துக்குச் சரிப்படுவார், யாரைத் தனியாக நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிடுவாள். அநேகமாகப் பலிக்கும். சூப்பர்வைசர்களிடம் அவர்கள் பிரிவின் குறையைச் சொல்வதும் அவள்தான். மற்றவர்கள் சொன்னால் சண்டை வரும். "சார், உங்க லைன் நல்லாத்தான் ஓடுது, கொஞ்சம் கவனம்தான் பத்தல" என்று ஆரம்பிப்பாள். மாதத் தேர்வு முடிந்ததும் தாய்மார்களிடம் பேசுகிற அதே குரல். நரைத்த மீசைக்காரர்கூட, என் பையன் தேறிடுவானா டீச்சர் என்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டிருப்பார்.

ஷிப்ட் அட்டவணை போடுவதும் மெல்ல அவள் கைக்கு வந்தது. யார் வீட்டில் யாருக்கு மூன்றாவது ஷிப்ட், யார் பிள்ளைக்குப் பரீட்சை என்று அவளுக்குத்தான் தெரியும். 2005இல் அவளை நிரந்தரமாக்கினார்கள், ஆனால் இருப்பதிலேயே கடைசிப் படியில். டிப்ளமோ இல்லை. கோப்பில் முன் அனுபவம் இல்லை. செய்கிற வேலைக்கு அங்கே ஒரு பெயரும் இல்லை. நான் நினைத்திருந்தால் ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதினால் அந்த நாலு பக்க அறிக்கையைப் பற்றியும் எழுத வேண்டிவரும்.

2006இல் சோன்புரி வேலைக்கான நேர்முகம் பெங்களூரில் நடந்தது. வந்தவர்கள் அந்த அறிக்கையைத்தான் கையில் வைத்திருந்தார்கள். எப்படி இந்த யோசனை வந்தது என்று கேட்டார்கள். சிறு வயதிலிருந்தே நான் இரண்டு மொழியில் படித்தவள், சொல்லை நம்பாமல் கையை நம்பக் கற்றேன் என்று என்னென்னவோ சொன்னேன். வேலை கிடைத்தது.

கிளம்புகிற அன்று அவள் ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தாள். டிசம்பர் பனி. அவள் அப்பாவின் பழைய ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள், கை நீளம் அதிகமாகி விரல் நுனிதான் தெரிந்தது. சேவுப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தாள். கேட்டுக்கு வெளியேதான் நின்றோம், ஆனாலும் அன்று மட்டும் "மேடம்" என்றாள்.

"அங்க போயி எந்தப் பக்கம் நிக்கணும்னு மறந்துறாதீக மேடம்."

பஸ் அத்திப்பள்ளி தாண்டும் வரை நான் அழுதேன். அவள் வீட்டுக்குப் போய் என்ன செய்திருப்பாள் என்று தெரியாது. துணி மடித்திருப்பாள்.

இங்கே தாய்க்காரர்களோடும் பர்மாக்காரர்களோடும் எனக்கு மொழி இல்லை. அவர்கள் பக்கத்தில் நின்று, அவர்கள் பார்க்கிற திசையைப் பார்த்து, விரலைப் பிடித்துத்தான் இந்த இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறேன். நல்ல பயிற்சியாளர் என்று எனக்குப் பெயர் இருக்கிறது.

சனிக்கிழமை பாலாஜி போனை வைத்ததும் பிரதாப்புக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன். அவர்தான் இப்போது ஓசூர் தொழிற்சாலைக்குத் தலைவர். நாலு முறை எழுதி அழித்தேன். அவருக்கு அனுப்புவது குழுமத்துக்குள் சுற்றும். இங்கே என் மேலாளர் கண்ணிலும் படும், அதுவும் இந்த மாதம் பார்த்து. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை காலை அனுப்பினேன். 2003 அறிக்கையில் என் பெயர் இருக்கும் இடத்தில் மோகனப்ரியாவின் பெயர் இருக்க வேண்டும். அந்த முறையை அவள் தன் டியூஷனில் கண்டுபிடித்தாள். கோப்பில் முன் அனுபவம் இல்லை என்று இருப்பது தவறு, ஐந்து வருடம் என்று திருத்த வேண்டும். அவளிடம் பயின்றவர்கள் முந்நூறு பேருக்குக் குறையாது. இவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டு ஒரு பத்தி எழுதியிருந்தேன், அதை எடுத்துவிட்டேன். மன்னிப்பு அவரிடம் கேட்க வேண்டியது இல்லை.

மதியம் பிரதாப்பே போனில் வந்தார்.

"மெயில் பாத்தேங்க அனுப்ரியா. ஆறு வருஷம் கழிச்சு அனுப்புறீங்க."

"ஆமாங்க சார்."

"அப்ப உங்க பேரப் போடச் சொன்னதும் நான்தான். அத நீங்க எழுதல. சரி. லிஸ்ட் ஃபைலப் பாத்துப் போட்டது, ஆளப் பாத்துப் போட்டது இல்ல. உங்க மெயில வச்சு அவங்க பேர நான் எடுக்க முடியும். ட்ரெய்னிங்னு ஒரு போஸ்ட் காட்டலாம். ஆனா நாளைக்குக் காலைல அவங்க அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டாங்கன்னா முடிஞ்சுது. தானா வெலகுனவங்கள நான் திரும்ப எடுக்க முடியாது."

"நீங்க அவங்களக் கூப்புட்டுச் சொல்லிடலாமே சார்."

"நான் சொல்ல முடியாதுங்க. கையெழுத்துப் போடாதன்னு ஒரு ஆளுக்கு மட்டும் நானே போன் பண்ணுனா மத்த நாப்பது பேரு கேட்டுக்கு முன்னாடி உக்காந்துடுவாங்க. நீங்க அவங்க ஃபிரெண்டு. நீங்க சொல்லுங்க."

மோகனப்ரியாவை எனக்குத் தெரியும். மேசையில் முதலில் கையெழுத்துப் போடுகிறவள் அவளாகத்தான் இருப்பாள். பிள்ளைக்குட்டிக்காரி நாகம்மாவுக்குப் பதில் நான் போகிறேன் என்று சொன்னாலும் சொல்வாள். போர்டு மாட்டியது உண்மையென்றால் மனதுக்குள் ஏற்கெனவே போட்டுவிட்டாள்.

ஞாயிறு முழுக்க அவள் செல்போன் அணைத்தே இருந்தது. கரண்ட் இல்லாமல் சார்ஜ் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் எண்ணைப் பார்க்கப் பிடிக்காமல் அணைத்திருப்பாளோ என்றும் தோன்றியது. மூக்கண்டப்பள்ளி வரிசை வீட்டை விட்டு அவர்கள் மத்திகிரிப் பக்கம் போய்விட்டார்கள், வீடு எனக்குத் தெரியாது. பாலாஜி திம்மராயனுக்கு அடித்துப் பார்த்தான். அவர் ஆட்களை ஏற்றிக்கொண்டு காவேரிப்பட்டினத்துக்குக் கல்யாண டிரிப் போயிருந்தார், வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டார்.

இன்று திங்கட்கிழமை. காலையில் இங்கே எட்டு மணி ஆனபோது ஓசூரில் ஆறரை. அப்போது அடித்தேன். மணி போனது. அணைத்திருக்கவில்லை என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. யாரும் எடுக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து மறுபடி. கையெழுத்துப் போடாதே, நேராகப் பிரதாப் அறைக்குப் போ என்று மெசேஜ் அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததாகக் காட்டவில்லை. இதுவரை பதினோரு முறை அடித்துவிட்டேன். நடுநடுவே சும்மா இருக்க முடியாமல்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவள் எடுத்தால் முதலில் எதைச் சொல்வது என்று ஒத்திகை பார்க்கிறேன். கையெழுத்துப் போடாதே என்பதை முதலில் சொல்ல வேண்டும். அதுதான் அவசரம். அறிக்கையைப் பற்றிப் பிறகு. நலமா என்று கேட்கக் கூடாது. கேட்டால் நலம் என்றுதான் சொல்வாள்.

இப்போது ஓசூரில் எட்டு பத்து. ஆபீஸ் திறக்க ஐம்பது நிமிடம் இருக்கிறது. பன்னிரண்டாவது முறையாக அழுத்தியிருக்கிறேன். மணி போய்க்கொண்டிருக்கிறது.